அட்வான்ஸ்டு கார்டும் மொனாஸ்டரி பீச்சும்

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன சனிக்கிழமை மேட்டரை எழுதலைன்னா மண்டை வெடிச்சிடும்ங்கிறதால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா வரும் போலத் தெரியுது. டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நடந்தது இவ்வளவுதான். காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, டேங்க், ஈயக்கட்டி, வெட்சூட் எல்லாத்தையும் கார்ல ஏத்தி, சான் ஹோசேல இருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி, கார்மெல் ஊரைத் தாண்டி ஹைவே 1 ஓரமா நிறுத்தி, முக்கால் மணி நேரம் கடலையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு, கால் கூட நனைக்காம வீட்டுக்குத் திரும்பிட்டோம்.

"அத்தனை தூரம் போயி கடலை வேடிக்கை பாத்துட்டா வந்தீங்க? அதுக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" இது தங்கமணி. திங்கக்கிழமை லஞ்ச்ல ஒரு சக பொட்டிதட்டி, "என்னடா, பயந்துட்டியா?"ன்னு கேட்டான். ஆமான்னேன். அவன் சிரிச்சான். நானும் சிரிச்சு வச்சேன். ஆனா சாயங்காலம் வரைக்கும் அது உள்ளுக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அவனுக்கு அங்க சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதுறேன். நான் இதுவரைக்கும் போன டைவ்லயே உருப்படியான டைவ் அந்த இறங்காத டைவ்தான்.

முதல்ல இடத்தைப் பத்திச் சொல்லிடறேன். பேரு மொனாஸ்டரி பீச். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் மேட்டுல கார்மலைட் கன்னியர் மடம் இருக்கு, அதான் பேர்க்காரணம். உள்ளூர் டைவர்கள் இதுக்கு வச்சிருக்கிற இன்னொரு பேரு 'மார்ச்சுவரி பீச்'. சும்மா எதுகை மோனைக்காக வச்சதில்லை. பல வருஷமா ஆளைக் காவு வாங்கின கரை. அதுலயும் கவனிக்க வேண்டியது, போனவங்க எல்லாரும் டைவர்கள் இல்லை. அலையோட விளையாடினவங்க, கால் நனைக்கப் போனவங்க, கரையோரமா சும்மா நடந்தவங்களும் உண்டு. எச்சரிக்கைப் பலகை வச்சிருக்காங்க. அதுக்குக் கீழயே பாயை விரிச்சு சாண்ட்விச் சாப்பிட்டுக்கிட்டும் இருப்பாங்க.

பார்க்கிறதுக்கு அப்படி ஒரு அழகு. அரை வட்டமா கரை, ரெண்டு முனையிலயும் பாறை, தண்ணிக்கு மேல பழுப்புப் பச்சையா கெல்ப் காடு. ஆனா மணலைக் கையில அள்ளினா விஷயம் புரிஞ்சிடும். நம்ம மெரினா மணல் மாதிரி இல்லை, கல்லுப்பு சைஸ் இருக்கும். கரை சரிவா கீழ இறங்கும். கால் வச்சா கணுக்கால் வரைக்கும் புதையும், வச்ச இடத்துல நிக்காது. கடலுக்கடியிலயும் அதே கதைதான். கார்மெல் கேன்யன்னு ஒரு ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு (பெரிய மான்டரே கேன்யனோட கிளை இது) கிட்டத்தட்ட கரை வரைக்கும் வந்து நிக்குது. சாதாரணக் கடற்கரைல தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆழமாகும். அலை தூரத்துலயே உடைஞ்சு, நுரை தள்ளி, களைச்சுப் போயித்தான் நம்ம காலுக்கு வரும். இங்க அதுக்கு இடமே இல்லை. பசிபிக்கைத் தாண்டி வந்த அலை, தன் மொத்த பலத்தையும் நம்ம காலடியில கொண்டு வந்து கொட்டுது. கொட்டின தண்ணி அந்தச் சரிவுல திரும்ப ஓடும்போது காலுக்குக் கீழ இருக்கிற மணலையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது.

இதுக்குள்ள ஏண்டா போறீங்கன்னு கேப்பீங்க. நியாயம். உள்ள போயிட்டா அது வேற உலகம்ங்க. ஜெயன்ட் கெல்ப் நல்ல சமயத்துல ஒரு நாளைக்கு ரெண்டடி வரைக்கும் வளரும். அந்தத் தண்டுகளுக்கு நடுவுல வெயில் சாஞ்சு இறங்குறதைப் பார்த்துக்கிட்டே போனா, ஏதோ பெரிய கோயில் பிரகாரத்துல நடக்கிற மாதிரி இருக்கும். கிரானைட் பாறை முழுக்க அனிமோன், நட்சத்திர மீன், பின்னாடியே வந்து ஃபின்ஸைக் கடிச்சுப் பார்க்கிற ஹார்பர் சீல். சூரியகாந்தி நட்சத்திர மீன்தான் இப்ப இல்லை, 2013-ல ஆரம்பிச்ச நோய்ல போயிடுச்சு. அது தனிப் பதிவுக்கான சோகம். தண்ணி 10-லருந்து 13 டிகிரி, ஃப்ரிட்ஜ்ல வச்ச தண்ணி மாதிரி. அதனால 7 மில்லிமீட்டர் ரப்பர் சூட், அது மிதக்கும்ங்கிறதால அதை முழுகடிக்க ஈயம், முதுகுல டேங்க். எல்லாம் சேர்த்தா 30 கிலோவுக்கு மேல. இந்த மூட்டையோடதான் மேல சொன்ன கரையைத் தாண்டணும்.

இப்ப கார்டுக்கு வர்றேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஈரோடு. எனக்குத் தெரிஞ்ச நீச்சல் எல்லாம் கிணத்து நீச்சல்தான். கடலை முதல்ல பார்த்ததே எட்டாங்கிளாஸ் டூர்ல. அப்படிப்பட்டவன் 2021 டிசம்பர்ல அந்தமான் ஹேவ்லாக் தீவுக்கு (2018-ல ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க) லீவு போட்டுப் போயி, ஒரே மூச்சுல ரெண்டு கோர்ஸ் முடிச்சேன். ஓப்பன் வாட்டர், நாலு டைவ். அப்புறம் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர், அஞ்சு டைவ். மொத்தம் ஒன்பது. வெதுவெதுன்னு 28 டிகிரி தண்ணி, படகுல உக்காந்த வாக்குல பின்னாடி சாஞ்சா கடல், முடிஞ்சதும் ஏணி, ஏறினதும் தர்பூசணி. டேங்கைத் தூக்கிக் கொடுக்கவும் ஆள். என்னைப் படிப்பிச்ச அண்ணனுங்க நல்லாவேதான் படிப்பிச்சாங்க, குத்தம் சொல்லலை. ஆனா வீட்டுக்கு வந்த கார்டுல என் போட்டோவுக்குப் பக்கத்துல 'அட்வான்ஸ்டு'ன்னு போட்டிருந்துச்சு. அலைக்குள்ள நடந்து போயி இறங்குறது எப்படி, அலைக்குள்ள இருந்து கரையேறுறது எப்படின்னு அதுவரைக்கும் நான் ஒரு தடவை கூட செஞ்சதில்லை.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். டம்ப்ஸ் படிச்சு கிளவுட் சர்டிஃபிகேட் வாங்கி லிங்க்ட்இன்ல போட்டுட்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன் படுத்துக்கிட்டப்போ லாக் எங்க இருக்குன்னு தெரியாம முழிக்கிற கேஸ். நானே ஒரு காலத்துல அந்தக் கேஸ்தான். அங்க ஒண்ணும் ஆகாது, மேனேஜர் நாலு திட்டு திட்டுவார். இங்க வந்து நிக்கிறது 30 கிலோவும் ஒரு அலையும்.

கொசுவர்த்தி கொஞ்சம் சுத்திக்கிறேன். 2023 அக்டோபர். வேலை மாறி கலிபோர்னியா வந்திருந்தேன். இங்க என் டைவ் பட்டி (ஆட்டுப் பட்டி இல்லைங்க, ஜோடியா இறங்குற ஆளு) குளச்சல்காரர், என்னை விடப் பத்து வயசு மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். அன்னைக்கு இறங்குறதுக்கு முன்னாடி அவர் தெளிவா சொன்னார். "தம்பி, திரும்பி வரும்போது எந்திச்சு நிக்கப்பிடாது. மாஸ்க் முகத்துல, ரெகுலேட்டர் வாயில, ஃபின்ஸ் கால்ல. நாலு கால்ல தவழ்ந்து வா. அலை எட்டாத இடம் வந்தப்புறம் எந்திச்சா போதும்."

இதுக்கு இங்க 'மொனாஸ்டரி கிரால்'னே பேரு. எல்லா உள்ளூர்க்காரனும் செய்வான். நானும் தலையாட்டினேன்.

டைவ் பிரமாதம். 18 மீட்டர், நாப்பது நிமிஷம். திரும்பும்போது காலைல இருந்ததை விட அலை கொஞ்சம் பெருசாகியிருந்துச்சு. அண்ணன் முன்னாடி போயி ஆமை மாதிரி தவழ்ந்து மேல ஏறிட்டார். அடுத்து நான். முழங்கால் ஆழம் வந்துச்சு. நிமிர்ந்து பார்க்கிறேன், கரைல ஒரு குடும்பம், ரெண்டு குழந்தைங்க, ஒரு அம்மா போன்ல படம் எடுத்துக்கிட்டு இருக்காங்க. இவங்க முன்னாடி நாலு கால்ல போறதாங்கிற வெக்கம் வந்துச்சு பாருங்க, அதுதான். எழுந்து நின்னேன். முடிஞ்சதுதானேன்னு ரெகுலேட்டரைத் துப்பினேன். ஒரு ஃபின்னைக் கழட்டக் குனிஞ்சேன்.

அடுத்த அலை முதுகுல விழுந்துச்சு. மாஸ்க் போச்சு. வாயைத் திறந்தா மணல். திரும்பி ஓடுற தண்ணி சரிவுல இழுத்துட்டுப் போயி, உள்ள வர்ற அடுத்த அலைக்குக் கீழ கொண்டு போயி வச்சது. டேங்க் நிறைய காத்து இருக்கு, வாய்க்கு ஒரு முழம் தூரத்துல ரெகுலேட்டர் தொங்குது, ஆனா எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழேன்னு தெரியலை. ஜாக்கெட்டுக்குக் காத்து ஏத்தணும்னோ, ஈய பெல்ட்டை அவுத்து விடணும்னோ தோணவே இல்லை. (இறந்து போன டைவர்களை மீட்கும்போது பல பேருக்கு இடுப்புல ஈயம் அப்படியே இருக்கும்னு விபத்து அறிக்கைகள்ல அடிக்கடி படிச்சிருக்கேன். எப்படிடா கழட்டாம விடுவாங்கன்னு நினைப்பேன். இப்படித்தான்.) மூணாவது அலைக்கு அண்ணன் இறங்கி வந்து டேங்க் வால்வைப் பிடிச்சு, செத்த மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துப் போட்டார். இடுப்பளவு தண்ணி கூட இல்லாத இடம்.

திட்டுவார்னு பார்த்தேன். ஒண்ணும் சொல்லலை. ஃபிளாஸ்க்ல இருந்து கட்டங்காப்பி ஊத்திக் கொடுத்தார். கையில டம்ளர் நிக்கலை எனக்கு. காதுக்குள்ள இருந்து மூணு நாளைக்கு மணல் வந்துச்சு. வீட்டுல இதைச் சொல்லவே மூணு மாசம் ஆச்சு. (தங்கமணி, அன்னைக்குச் சொன்னதுல கொஞ்சம் குறைச்சுத்தான் சொன்னேன். மன்னிச்சுக்கோ.)

அடுத்த மாசம் கடல் குளம் மாதிரி கிடந்த ஒரு நாள் அண்ணன் அதே கரைக்குக் கூட்டிட்டுப் போயி, முழு மூட்டையோட தண்ணிக்குள்ளயும் வெளியயுமா பத்து தடவை தவழ விட்டார். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து, உதவி வேணுமாப்பான்னு கேட்டுட்டுப் போனாங்க :-)

என் ஆதங்கம் அந்தக் கரை மேல இல்லை. இந்த மாதிரி பீச்சை எல்லாம் மூடிடணும்னு சில பேர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை. கடல் அப்படித்தான் இருக்கும், யாருக்காகவும் மாறாது. என் ஆதங்கம் 'அட்வான்ஸ்டு'ங்கிற அந்த ஒத்த வார்த்தை மேல. டைவிங் வழிகாட்டிகள்ல இந்தக் கரைக்கு நேரா 'அட்வான்ஸ்டு'ன்னு போட்டிருப்பாங்க. என் கார்டுலயும் 'அட்வான்ஸ்டு'ன்னு போட்டிருக்கு. பூட்டும் சாவியும் ஒரே பிராண்டு, அப்ப திறக்கும்னு தானே எவனும் நினைப்பான்? ஆனா கார்டு சொல்றது நீ 30 மீட்டர் வரைக்கும் போய்ப் பழகியிருக்க, காம்பஸ் பார்க்கத் தெரியும்ங்கிறதை. கரை சொல்றது, இங்க அலையைப் படிக்கத் தெரியணும்ங்கிறதை. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கரைல பிரச்சினை 30 மீட்டர்ல இல்லைங்க. முழங்கால் ஆழத்துல இருக்கு.

இன்னொரு வேடிக்கை. பக்கத்துலயே, கார்ல அஞ்சு நிமிஷத்துல பாயின்ட் லோபோஸ். அங்க வேலர்ஸ் கோவ்ல படகு இறக்கிற சாய்தளம் இருக்கு, அலை ரொம்பவே அடங்கின இடம், நடந்தே இறங்கிடலாம். அங்க டைவ் பண்ண முன்பதிவு வேணும், ஜோடி வேணும், வாசல்ல கார்டைக் காட்டணும். இங்க மொனாஸ்டரில? ரோட்டோரமா காரை நிறுத்து, இறங்கு. கேக்க நாதி கிடையாது. சுலபமான இடத்துல வாசல்ல ஆளு, கஷ்டமான இடத்துல ஒரு பலகை. அதுக்காக இங்கயும் கார்டு செக் பண்ணுங்கன்னு நான் சொல்லலை. பண்ணியிருந்தா 2023-ல என்னைத் தாராளமா உள்ள விட்டிருப்பாங்க, என்கிட்டதான் கார்டு இருந்துச்சே!

கார்டுக்குப் பின்பக்கம் ரெண்டு வரி எழுதணும்ங்கிறேன். இவன் எந்தத் தண்ணில படிச்சான், படகுல இருந்தா கரைல இருந்தா, எத்தனை டிகிரி. டிரைவிங் லைசென்ஸ்ல எந்த வண்டின்னு போடுறாங்கல்ல? அலைக்குள்ள இறங்கி ஏறுறதை அந்த அஞ்சு டைவ்ல ஒண்ணா கட்டாயமாக்கினாலும் சரி. இதெல்லாம் நடக்கும்னு நம்பிக்கை இல்லை, ஏன்னா 'அட்வான்ஸ்டு'ங்கிற வார்த்தைதான் விக்குது. அதை வாங்கினவன்ல நானும் ஒருத்தன்.

இதை விட மோசமான இன்னொரு வார்த்தை நம்மகிட்டயே இருக்கு. "வந்தது வந்தாச்சு." கல்யாண வீட்டுல சாப்பிடாமப் போறவங்களை உக்கார வைக்கச் சொல்ற வார்த்தை. கடற்கரைல சொல்லக் கூடாத வார்த்தை. டேங்க் வாடகை கட்டியாச்சு, தூக்கம் கெட்டாச்சு, இத்தனை தூரம் ஓட்டியாச்சு, வந்தது வந்தாச்சு, ஒரு முங்கு போட்டுட்டுப் போயிடலாம். முன் வச்ச காலைப் பின் வைக்காத பரம்பரை வேற. ஃபின்ஸ் போட்டா பின்னாடிதான்யா நடக்கணும்! (ஃபின்ஸைக் கரையிலேயே போட்டுட்டு பின்னாடி நடக்கணுமா, கையில எடுத்துட்டுப் போயி ஆழத்துல போடணுமாங்கிறது இங்க இட்லியா தோசையா மாதிரி தீராத சண்டை. அதுக்குள்ள நான் போகலை.)

போன சனிக்கிழமைக்கு வர்றேன். முன்னாடி நாள் ராத்திரி பார்த்தப்போ மிதவைக் கணக்கு 3 அடி, 16 வினாடி. மூணடிதானேன்னு கிளம்பிட்டோம். மெக்கானிக்கல் படிச்சவன், எனக்கே உறைக்கலை. அலையோட திறன் உயரத்தோட வர்க்கத்துக்கும், கூடவே ரெண்டு அலைக்கு நடுவுல இருக்கிற நேரத்துக்கும் விகிதம். அதே மூணடி 8 வினாடில வந்தா இருக்கிற திறன் 16 வினாடில வந்தா ரெண்டு மடங்கு. போதாததுக்கு இந்த நீள அலைங்க கரைகிட்ட வரும்போது இன்னும் எழும்பும். அதோட இந்த மாதிரி அலை தொகுதி தொகுதியா வரும். நடுவுல பத்து பதினஞ்சு நிமிஷம் கடல் பச்சைக் குழந்தை மாதிரி கிடக்கும். அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் ஆளுங்க இறங்குறது.

அண்ணன் கட்டைவிரலால மணல்ல கோடு கிழிச்சு எண்ணிக்கிட்டு நின்னார். அவங்க ஊர்ல கட்டுமரம் தள்ளுறதுக்கு முன்னாடி பெரியவங்க இப்படித்தான் அலையை எண்ணிக்கிட்டு நிப்பாங்களாம், அவசரப்பட மாட்டாங்களாம். முதல் இருபது நிமிஷம் ஒண்ணுமில்லை. நான் சூட்டை இடுப்பு வரைக்கும் ஏத்திட்டேன். அப்புறம் ஒரு தொகுதி வந்துச்சு. அஞ்சு அலை. நாலாவது அலை உடைஞ்ச சத்தம் நின்ன இடத்துல காலுக்குக் கீழ அதிர்ந்துச்சு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான், "வேணாம்ணே"ன்னேன். அவ்வளவுதான் பேச்சு.

அப்பதான் பின்னாடி ரெண்டு பசங்க. காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் இருக்கும், ஒருத்தன் ஹைதராபாத், இன்னொருத்தன் சீனன். புத்தம்புது கியர், விலைச்சீட்டுதான் தொங்கலை. முழுசா மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறாங்க. எத்தனை டைவ்னு கேட்டேன். பதினொண்ணு, அட்வான்ஸ்டு கார்டு இருக்குன்னான். அந்தக் குரல்ல இருந்த பெருமை எனக்கு நல்லாத் தெரிஞ்ச பெருமை. நீங்க இறங்குறீங்களான்னு கேட்டான். இல்லைன்னேன்.

ரெண்டு பேரும் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டாங்க. அந்த மூஞ்சில இருந்தது ஏமாத்தம் இல்லைங்க, நிம்மதி. அவங்களுக்கும் பயமாத்தான் இருந்திருக்கு. ஒருத்தன் முன்னாடி ஒருத்தன் சொல்ல முடியாம நின்னிருக்காங்க. மூணாவது மனுஷன் ஒருத்தன் வாயைத் திறந்து 'நான் இறங்கலை'ன்னதும் அவங்களுக்கு வழி கிடைச்சிடுச்சு. மான்டரேல பிரேக்வாட்டர்னு ஒரு இடம் இருக்கு, அணைக்குப் பின்னாடி அலை அடங்கியிருக்கும், அங்க போங்கப்பான்னு வழி சொல்லி அனுப்பினோம். கிளம்பும்போது அந்த ஹைதராபாத் பையன், நான் சூட்டை அவுக்கிறதைப் பார்த்துட்டு, "நீங்க எத்தனை டைவ் சார்?"னு கேட்டான். நூத்திச் சொச்சம்னேன். "அப்புறமும் திரும்பிப் போறீங்களா?"ன்னான்.

ஆபீஸ் நண்பன் சிரிச்சப்போ எனக்குச் சொல்லத் தோணாம போனது இந்தப் பையனைப் பத்தித்தான்.

லாக்புக்குன்னு ஒண்ணு டைவர்கள் எல்லாரும் வச்சிருப்போம். இறங்கின டைவுக்குத்தான் அதுல நம்பர். இறங்காததுக்கு இடமே இல்லை. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு பக்கம் எழுதினேன். நம்பர் கட்டத்துல ஒரு கோடு. இடம், மொனாஸ்டரி. ஆழம், பூஜ்யம். நேரம், 45 நிமிஷம். அலை, 3 அடி 16 வினாடி. பட்டி கையெழுத்து போடுற இடத்துல வர்ற சனிக்கிழமை அண்ணன்கிட்ட வாங்கணும்.

டிஸ்கி: அந்தக் குடும்பத்து அம்மா 2023-ல எடுத்த வீடியோ எங்கயாச்சும் உங்க கண்ணுல பட்டா, தயவு செஞ்சு எங்க மாமியாருக்கு மட்டும் அனுப்பிடாதீங்க மக்கா :-)